பிரிக்காத பதினொரு மூட்டை

நக இடுக்கில் செம்மண்ணோடவே கோயிலுக்கு வந்து, அக்காகிட்ட திட்டு வாங்கிக்கினு சிரிக்கிற என் பிரியமான மாமாவுக்கு,

முதல்ல தோட்டச் சங்கத்துச் செய்தி. நீங்க இருந்தா அதைத்தான் முதல்ல கேட்பீங்க. தை மாசம் பேத்தமங்கலம் ஏரிக்கு வாத்து பார்க்கப் போனோம். உங்க பைனாகுலரைச் சங்கத்துச் செயலாளர் பிலோமினா நர்ஸ் கழுத்தில மாட்டிக்கினு வந்தாங்க. அதை முன்பக்கம் பின்பக்கமா மாத்திப் பிடிச்சு, "இன்னா இது, வாத்தெல்லாம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கே போயிடுச்சு"ன்னாங்க. சிரிச்சோம். நீங்க கண்ணை மூடினப்புறம் நாங்க சேர்ந்து சிரிச்சது அன்னிக்குத்தான்.

சித்திரையில முதல் மழைக்குச் செடி மாத்திக்கிற ஞாயிறும் நடந்தது. உங்க டேலியாக் கிழங்கு எட்டு வீட்டுக்குப் போயிருக்குது. ஸ்கெலட்டன் குடியிருப்புல நட்டது ஒண்ணு இப்பவே முழங்கால் உயரம்.

இப்போ ஆடி பிறக்கப் போகுது. அவரை, பூசணி, கீரை போடுற நேரம். சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்குது. ஆண்டர்சன்பேட்டையில பள்ளிக்கூடத்து மதில் ஓரமா அறுபது பையில கீரைத் தோட்டம், உங்க பேர்ல. கீரை பிள்ளைங்களோட மதியச் சாப்பாட்டுக்கு. மண்ணு என் கடையிலேருந்து.

அதைக் கேட்டதிலேருந்து எனக்குச் சோறு இறங்கல மாமா.

சைக்கிள்ல பூந்தொட்டி வித்து, ராபர்ட்சன்பேட்டையில கடை போட்டவன் நான். சரக்கைப் பார்த்தாலே ஊரு சொல்லிடுவேன். மூணு வருஷம் முன்னாடி, பையில வளர்க்கிற செடிக்குத் தண்ணி நிக்காத மண்ணு வேணும்னு சங்கத்துக்காரங்க கேட்டாங்க. ஆத்து மணல் கிடைக்கல. ஒரு டிராக்டர்காரர் சாம்பல் நிறத்துல மெல்லிசா ஒரு மணலைக் கொண்டு வந்து இறக்கினாரு. எங்கேருந்துன்னு நான் கேட்கல. இந்தத் தங்கச் சுரங்க ஊர்ல பிறந்தவன் கேட்க வேண்டிய அவசியம் இல்ல. காத்தடிச்சா காயுற துணியிலயும் திறந்த சோத்துலயும் வந்து உக்கார்ற அதே மண்ணு. சுரங்கக் கல்லை அரைச்சு, சைனைட் விஷம் போட்டுத் தங்கத்தைப் பிரிச்செடுத்துட்டு மில்லு கொட்டின மிச்சம். சைனைட் மலை.

தென்னை நார்த்தூளும் எருவும் கலந்தேன். மாடித் தோட்ட மண்ணுன்னு பேர் போட்டு மூட்டை கட்டினேன். செடி நல்லாத்தான் வந்தது, அதுதான் எனக்குத் தைரியம். ஆனா என் வீட்டு மாடியில வெறும் செம்மண்ணும் எருவும்தான். அதிலேருந்தே தெரியும், எனக்கு எவ்வளவு தெரிஞ்சிருந்ததுன்னு.

நீங்க முதல் மூட்டை வாங்க வந்தப்ப ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில தேய்ச்சீங்க. இருபது வருஷம் ஷிஃப்டுக்குச் சுரங்கத்துக் கேஜ்ல இறங்கி ஏறின கை. "இன்னா மச்சான், எனக்குப் பழகின மண்ணு மாதிரி இருக்குதே"ன்னீங்க.

"ஆத்து மணல் மாமா"ன்னேன்.

என் முகத்தைப் பார்த்தீங்க. "சரி, ஒண்ணு எடுத்து வை"ன்னீங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு விதைப்புக்கும் வந்து ஒரு மூட்டை தூக்கிக்கினு போனீங்க. மாமாவே நம்பிட்டாருன்னு நான் நிம்மதியா இருந்தேன்.

போன வாரம் வியாழக்கிழமை அக்கா போன் பண்ணி வரச் சொன்னா. விதைப்புக்குத் தொட்டி எடுக்கணும்னு தகரக் கொட்டகையைத் திறந்திருக்கா. சுவரோரமா என் கடை மூட்டை, ஒண்ணு மேல ஒண்ணு. பதினொண்ணு.

"ஒண்ணு கூட பிரிக்கல பாரு. இன்னாத்துக்குய்யா இதுன்னு கேட்டா, மச்சான் வியாபாரம்னு சொல்லி வாயை அடைச்சிடுவாரு. இன்னாத்துக்குன்னு நீ சொல்லு."

அவகிட்ட எனக்குப் பொய் வராது. சொல்லிட்டேன். கொட்டகையைத் திரும்பப் பூட்டினா. அப்புறம், "விதை பங்கு போடுற ஞாயித்துக்கிழமை சங்கத்துல நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"ன்னு மட்டும் கேட்டா. காப்பி கூடத் தரல.

மாமா, தெரிஞ்சும் நீங்க ஏன் வாயைத் திறக்கல? பொண்டாட்டி தம்பின்னா? நானே ஒரு நாள் சொல்லுவேன்னு காத்துக்கினு இருந்தீங்களா? உங்க வீட்டுக் கீரை நல்ல மண்ணுல வளர்ந்தது. என் வீட்டுக் கீரையும் அப்படித்தான். மத்த வீட்டுக் கீரை? நீங்க பதினொரு மூட்டையைப் பூட்டி வச்சீங்க. நான் வித்தது அதைப் போல எத்தனையோ மடங்கு. கோபமா உங்களை இதைக் கேட்க எனக்கு வாயில்ல. ஆனாலும் கேட்கத் தோணுது.

அந்த வியாழனுக்கு முந்தின நாள்தான் பிலோமினா நர்ஸ் கடைக்கு வந்து ஒரு கட்டு அரைக்கீரை வச்சிட்டுப் போனாங்க. "கடைக்காரரே, உங்க மண்ணுல விளைஞ்சது, உங்களுக்கே கப்பம். என் பேரன் இது இல்லாம சாப்பிடவே மாட்டான்." சிரிச்சிக்கினே வாங்கிக்கினேன். அவங்க தெருமுனை திரும்புறதைப் பார்த்துட்டுக் குப்பையில போட்டேன்.

அக்கா கேட்ட மறுநாள் வெள்ளிக்கிழமையிலேருந்து அந்த மண்ணை விற்கல. பரிசோதிக்கப் பெங்களூருக்கு அனுப்பியிருக்கேன், முடிவு இன்னும் வரல. கெடுதல் இல்லன்னு வந்துட்டா யாருக்கும் சொல்லாம விட்டுடலாமேன்னு நேத்து கல்லாவுல உக்காந்துக்கினு ஒரு நினைப்பு வந்தது. அதையும் உங்ககிட்ட மறைக்கல. அதனாலதான் முடிவு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு இருக்கேன்.

இனிமே என் கடையில யார் மண்ணு வாங்குவாங்க? அது போகட்டும், ஒரு தடவை சைக்கிள்ல ஆரம்பிச்சவன்தானே. வித்த வீட்டுலேருந்து திரும்ப வாங்குற மண்ணை எங்கே கொட்டுறதுன்னுதான் புரியல. மலையிலயே கொட்டினா அடுத்த காத்துக்கு வீட்டுக்கே வந்துடும். இதுக்கு உங்ககிட்ட ஒரு யோசனை இருந்திருக்கும்.

நாளைக்கு ஞாயிறு. விதை பங்கு போடுறதுக்கு முன்னாடி எழுந்து நின்னு, இந்தக் கடிதத்தையே படிப்பேன். வாயால சொன்னா வார்த்தையைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அங்கேருந்து முதல்ல பிலோமினா நர்ஸ் வீட்டுக்குப் போய், அவங்க செடிப் பையை நானே தூக்குவேன். அப்புறம் ஒவ்வொரு வீடா. பள்ளிக்கூடத்துக்குச் செம்மண்ணை நானே சலிச்சு நிரப்புவேன். வேற ஆள்கிட்ட வாங்கிக்கிறோம்னு சங்கம் சொன்னா, ஓரமா நின்னு பார்ப்பேன்.

அன்னிக்கு உள்ளங்கையில தேய்ச்சிக்கினு கேட்டீங்களே, அதுக்கு இப்போ பதில் சொல்றேன். ஆமாம் மாமா, அது உங்களுக்குப் பழகின மண்ணுதான்.

உங்க முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன,
உங்க மச்சான்