ஆறு மணி மருந்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாம் இருக்கிறபடியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சௌக்கியம் என்று நானாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் அதற்கு இடமில்லை. நாலே வரி. அப்பாவின் துப்பறியும் நாவலுக்கு ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு வருகிறது, முன்னுரை எழுதியிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி அனுப்பு, பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது என்று. உன் அப்பாவும் என்னிடம் இப்படித்தான் காகிதத்தை நீட்டுவார். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்.

பிழை பதினொன்று இருந்தது. திருத்திவிட்டேன். ஒற்றைக் கண்ணால் திருத்தியது, ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, அடுத்த மாதம் ஆபரேஷன். அது கிடக்கட்டும், பிறகு சொல்கிறேன்.

போன வாரம் உன் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர் வந்திருந்தார். பதிப்பாளர் அனுப்பி வைத்த ஆள். அந்தப் பெரிய மேஜையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். “இதுலதானேம்மா ஐயா அந்த நாவலை எழுதினாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மேஜை நாவல் வந்து ஆறு வருஷம் கழித்து வாங்கியது. நாவல் முழுக்கக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, மடியில் தலையணையை வைத்து எழுதியதுதான். தலையணையைக் கொடுத்தால் அதற்கும் ஒரு கும்பிடு போட்டிருப்பார்.

ஐயாவுக்கு எதையும் கூர்ந்து கவனிக்கிற பழக்கம் சின்ன வயதிலேயே உண்டா என்று அடுத்த கேள்வி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவது போல எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உன் அப்பாவின் கதையில் வரும் துப்பறிவாளர், ஒருவனுடைய செருப்பைப் பார்த்தே அவன் எந்தத் தெரு வழியாக வந்தான் என்று சொல்லுவார். அவரைப் படைத்தவரோ, வாசல் கதவுக்கு நீல வண்ணம் அடித்து மூன்று வாரம் ஆன பிறகு, எப்போது அடித்தீர்கள் என்று கேட்டவர். உன் பள்ளிக்கூட விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவர், நீ எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று உன் தலைமையாசிரியையிடம் மேடையிலேயே விசாரித்தார். அந்த அம்மா அதை ஐயாவின் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினாள்.

சரி, உன் முன்னுரைக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: உனக்கு நாலு வயது, கடுங்காய்ச்சல், அப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறார், சாயங்காலம் ஆறு மணிக்கு மருந்தைப் புகட்டுகிறார், அந்த நிமிஷத்தில்தான் நாவலின் புகழ்பெற்ற துப்பு அவர் மனசில் உதிக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, வாசிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்கு அடுத்த வரி: “அம்மா அந்தச் சமயத்தில் எங்கே இருந்தாள் என்று நினைவில்லை.”

அந்த வரியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன், கேள். உன் அப்பாவின் கையெழுத்தைப் படிக்க முடியாது என்று அச்சுக்கோக்கிறவர்கள் கையை விரித்துவிட்டார்கள். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த அந்த நாவலை, முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை கோடு போட்ட தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தது நான். செவ்வாய்க்கிழமைதோறும் ஏழு மணிக்குப் பத்திரிகை ஆபீஸ் ஆள் சைக்கிளில் வந்து மணியடிப்பார். பதினேழாம் அத்தியாயம் எழுதிய வாரம் உனக்கு நாலு நாள் காய்ச்சல். டாக்டர் பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று மருந்துக்கு நேரம் சொல்லியிருந்தார். உன்னை மடியில் கிடத்திக்கொண்டு, தையல் மிஷின் பலகைமேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அலாரம் அடித்தது. மருந்தைக் கொடுத்தேன். நீ பாதியைத் துப்பினாய், மறுபடி கொடுத்தேன். பிறகு பேனாவை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

கதையில் பங்களாக்கார முதலாளிக்கு மருந்து கொடுக்கிற ஒரு நர்ஸ் வருவாள். இரண்டே வரிப் பாத்திரம். எட்டு மணிக்கு மருந்து கொடுத்ததாக அவள் போலீஸிடம் சொல்ல வேண்டும், உன் அப்பா எழுதியிருந்தது அதுதான். என் கை ஆறு மணி என்று எழுதிவிட்டது. எனக்கு அன்றைக்கு உலகத்தில் அந்த ஒரு மணிதான் இருந்தது.

பத்திரிகை வெளிவந்ததும் கடிதங்கள் குவிந்தன. கடையிலிருந்து மருந்துப் புட்டி வந்ததே ஏழு மணிக்கு என்று முந்தின வாரம் எழுதியாகிவிட்டது. ஏழு மணிக்கு வந்த புட்டியிலிருந்து ஆறு மணிக்கு எப்படி மருந்து கொடுத்தாள், நர்ஸ் பொய் சொல்கிறாள், இப்படி ஒரு துப்பை யாரும் வைத்ததில்லை என்று ஊரே கொண்டாடியது. உன் அப்பா மூட்டையைப் பிரித்துப் பத்துக் கடிதம் படித்தார். அதுவரை அவர் கதையில் கொலைகாரன் முதலாளியின் தம்பி மகன். அன்றைக்கே அவன் நல்லவனாகிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “நான் எட்டுன்னுதானே எழுதினேன், நீ ஏன் ஆறுன்னு போட்டே?” என்று கேட்டார். குழந்தைக்கு ஆறு மணிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே எழுதினேன், கை தவறிவிட்டது என்றேன். அதற்கு உன் அப்பா, தமிழ் படித்தவர்கள் எல்லாம் போற்றுகிற அந்த மகா மேதை, என்ன கேட்டார் தெரியுமா? “ஏன், பாப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். நீ பிழைத்து எழுந்து வாசலில் விளையாட ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

அந்த நர்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. அந்தப் புத்தகம் முழுவதிலும் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். அவளைப் பிடித்துக் கொலைகாரியாக்கித் தூக்கில் போட்டார் உன் அப்பா. அந்தக் கடைசி அத்தியாயத்தையும் நான்தான் பிரதி எடுத்தேன்.

இருபது வருஷம் கழித்து அவருக்குப் பெரிய விருது கொடுத்தார்களே, அந்த மேடையில்தான் இந்தக் காய்ச்சல் கதை பிறந்தது. மகளின் நெற்றி கொதித்தது, மருந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன், துப்பு கிடைத்தது என்று தழுதழுத்த குரலில் சொன்னார். கதை சொல்வதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் முன் வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று பொய் என்று கத்தியிருப்பேன். ஆனால் நீ பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். அப்பா நம்மைக் கவனித்தே இருக்கிறார் என்ற சந்தோஷம் உன் முகத்தில் அப்படித் தெரிந்தது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன், முப்பது வருஷமாக மூடியே வைத்திருக்கிறேன். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. செத்தவரோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. ஆனால் நான் எங்கே இருந்தேன் என்று நீயே கேட்டால் நான் என்ன செய்ய?

பதினேழாம் அத்தியாயத்தின் மூலக் கையெழுத்துப் பக்கம் கிடைத்தால் புதுப் பதிப்பில் படமாகப் போடலாம் என்று பதிப்பாளர் நச்சரிக்கிறார். கரையான் அரித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் கரையான் வந்ததே கிடையாது. பக்கம் என்னிடம்தான் இருந்தது, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அவர் கையால் எட்டு மணி என்று எழுதியிருப்பது தெளிவாகவே தெரியும், அதிசயமாக அந்த ஒரு வார்த்தை மட்டும் படிக்கிற மாதிரி இருக்கிறது. பதிப்பாளரிடம் கொடுப்பதோ கிழித்துப் போடுவதோ உன் இஷ்டம். முன்னுரையை மாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அவர் செய்யாத நல்ல காரியம் ஒன்றாவது அச்சில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நீ நினைத்தால் அதையும் புரிந்துகொள்வேன்.

ஆனால் அந்தத் தாளைத் திருப்பிப் பார். பிரதி எடுத்து முடித்த தாளை நான் வீணாக்க மாட்டேன், பின்பக்கத்தில் ஏதாவது எழுதுவேன். அதில் பென்சிலால் நாலு நாள் கணக்கு இருக்கிறது. பத்து மணி, நூற்று மூன்று. இரண்டு மணி, நூற்று நாலு. ஆறு மணி, நூற்று மூன்றரை, பாதி துப்பிவிட்டாள். கடைசி வரியில் காய்ச்சல் இறங்கியது, பொம்மை கேட்டாள் என்று இருக்கும். எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம், நீ என் இடது கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாய், தாளை அழுத்திப் பிடிக்கக் கை இல்லை.

ஆபரேஷன் அடுத்த மாதம் இரண்டாம் தேதி. கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரி வருகிறேன் என்கிறாள், நல்லவள்தான், ஆனால் அவளுக்கு நேரம் காலம் தெரியாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும். பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி. எனக்கும் அதே நேரம்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நானாக விட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழிந்துவிடும்.

உனக்கு அங்கே ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். நோய் நொடி இல்லாமல் குடும்பத்தோடு நூறு வயசு இரு. பத்து மணி மருந்தையும் இரண்டு மணி மருந்தையும் தையல்காரி பார்த்துக்கொள்ளட்டும். ஆறு மணிக்கு மட்டும் நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா