சேட்டுவின் இடது கண்

அன்பு அண்ணே, எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் காது கொடு.

நீ வேலை பார்த்த குர்லா பட்டறையிலிருந்து சட்டைக்குள் பொத்திக் கொண்டுவந்த பூனை, நம் சேட்டு, அவனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீ போன மறுவாரம் அவன் இடது கண்ணில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அந்தக் கண்ணைப் பாதி மூடியபடி ஒழுகவிட்டுக்கொண்டே இருந்தான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா அவனைக் காட்டினாள். "பாருங்க, வாயில்லாச் சீவன், அவன நெனச்சு எப்படி அழுவுதுன்னு." தாராவியில் நம் சந்து முழுக்க இது பரவிவிட்டது. எதிர்வீட்டு அக்கா பூனையைக் கும்பிட்டுவிட்டே போனாள். உன் படத்தைப் பார்த்தவர்களைவிட அவனைப் பார்த்தவர்கள் அதிகம் என்றால் கோபித்துக்கொள்ளாதே. அழுகிறவனை யாராவது டாக்டரிடம் கூட்டிப்போவார்களா? நாங்களும் போகவில்லை.

கருவிழி மேல் புகை படிந்த மாதிரி ஆன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அவனைக் கூடையில் போட்டு, செம்பூரில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். "ஏட்டி, அவன் வச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான். இதுக்குக் கண்ணு போயிரக் கூடாது" என்று அம்மா வழியெல்லாம் புலம்பினாள்.

டாக்டரம்மா கண்ணில் ஏதோ சாயம் விட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் அடித்தார். அண்ணே, நீ அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சின்னக் கண்ணுக்குள் பச்சையாக ஒரு மரக்கிளை மின்னியது. கிளையிலிருந்து கிளை பிரிந்து, அவ்வளவு அழகு. அதுதான் புண்ணாம். நோய் இத்தனை அழகாக இருக்குமா?

அழுகை இல்லை, புண்தான் என்றார். முற்றினால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். குட்டியாக இருந்தபோது தொற்றிய வைரஸ் உடம்புக்குள் தூங்கிக்கொண்டே இருக்குமாம். பூனைக்குப் பெரிய மனக்கலக்கம் வந்தால் விழித்துக்கொண்டு கண்ணை அரிக்குமாம். வீட்டில் சமீபத்தில் ஏதாவது நடந்ததா என்று இந்தியில் கேட்டார். அம்மாதான் தனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில், "மேரா பேட்டா சலா கயா" என்றாள். என் மகன் போய்விட்டான். டாக்டரம்மா விளக்கைப் போடாமலே சேட்டுவின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அப்படியானால் அம்மா சொன்னது தப்பா, சரியா? ஒரு பூனைக் கண்ணுக்குள் நீ இல்லாதது கிளை கிளையாகத் தெரிந்ததே, அதற்கு என்ன பேர்? எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

பிறகு சொட்டு மருந்துதான். அம்மா துண்டில் சுற்றிப் பிடிப்பாள், நான் விடுவேன். என் கையைப் பார், எல்லாம் சேட்டு போட்ட கோடு. நேற்று மறுபடி சாயம் விட்டு, நீல வெளிச்சம் அடித்தார்கள். ஒன்றுமே மின்னவில்லை. கண் பிழைத்துவிட்டது. அந்த வெறும் இருட்டைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

வைரஸ் மட்டும் அவனை விட்டுப் போகாதாம். வீடு கலங்கினால் மறுபடி விழிக்குமாம். இன்று காலையில் ஒப்பாரியோடு வந்த அத்தையை அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "சத்தம் போடாதிய மதினி. புள்ளைக்குக் கண்ணுக்கு ஆகாது." அப்புறம் உள்ளே வந்து, நீ போன பிறகு முதல் முறையாக, நான் சொல்லாமலே தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாள்.

உன்னை நினைத்து அழுவதை நான் விட மாட்டேன். ஆனால் காட்கோபரில் வேலை முடிந்து வரும் லோக்கல் ரயிலில், லேடீஸ் டப்பாவிலேயே அதை முடித்துக்கொள்வேன். வீட்டுக்குள் அழுத முகத்தோடு நுழைய மாட்டேன் அண்ணே, சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
சேட்டுவுக்கு அத்தை