மஞ்சள் சீட்டும் வெள்ளைப் பெட்டியும்

ஜூன் 9, திங்கள்

கத்திரிக்காய்க் கறியில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் கண்ணும் நயனாவின் லேப்டாப்பில்தான். குறிப்பு எழுதி வைக்க ஒரு பக்கம் செய்திருக்கிறாளாம். ப்ரவுசரில் திறந்தால் மஞ்சள் மஞ்சளாகச் சீட்டுகள். இழுத்து எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். "ஒரே சனிக்கிழமைல முடிச்சுட்டேன் அக்கா" என்கிறாள் என்னிடம். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்!

இதே மாதிரி ஒன்றை நான் எட்டு மாதமாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வெள்ளைப் பெட்டி, தேடுவதற்கு ஒரு கோடு, அவ்வளவுதான். எழுதுவதெல்லாம் நான் வாடகைக்கு எடுத்த சர்வரில் தானாகப் போய்ச் சேரும். மேனேஜர் குருபசப்பாவிடம் காட்டியபோது போனைப் பார்த்துக்கொண்டே "நல்லா இருக்கும்மா" என்றார். இன்றைக்கு அதே மனுஷன், "நம்ம ஹூப்ளில இப்படி ஒரு மூளையா!" என்று வாய் ஓயாமல் புகழ்கிறார்.

வயிறு எரிகிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

ஜூன் 12

அவள் பக்கத்தைப் பதினோரு பேர் உபயோகிக்கிறார்கள். என்னுடையதை — நான்.

ஜூன் 20, வெள்ளி

கிரிஜாக்காவும் மஞ்சள் சீட்டுக்குப் போய்விட்டார். ஒன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலி. நாங்கள் எழுதும் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் கணவர் சிவானந்தப்பாவுக்கு மார்ச்சில் பக்கவாதம் வந்து பேச்சே நின்றுபோனது. இப்போது ஒவ்வொரு சொல்லாகத் திரும்புகிறது. எந்த நாளில் எந்தச் சொல் வந்தது என்று அக்கா குறித்து வைக்கிறார். ஜூலைக் கடைசியில் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பேச்சுப் பயிற்சி டாக்டர் மேற்கொண்டு சொல்வாராம்.

"துண்டுக் காகிதத்துல எழுதி எழுதித் தொலைச்சுக்கிட்டிருந்தேன். இப்பப் பாரு சுமா, வார்த்தைக்கு ஒரு சீட்டு!" அக்கா முகத்தில் இத்தனை நாளாக இல்லாத சிரிப்பு.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீ ஒன்று வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும் சுமங்கலா, காட்டினாயா? காட்டியிருந்தால் மட்டும்?

ஜூன் 27

நயனாவின் பக்கம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தேன். எதுவும் சர்வருக்குப் போகவில்லை. எழுதுவதெல்லாம் அவரவர் ப்ரவுசருக்குள்ளேயே கிடக்கிறது. ப்ரவுசர் சேர்த்து வைத்திருப்பதைத் துடைத்தால் எல்லாம் போச்சு. எங்கள் ஆபீசில் எது மக்கர் பண்ணினாலும் முதல் வைத்தியமே அதுதான்: "துடைச்சுட்டுத் திற."

சொல்ல எழுந்தேன். பெங்களூர்க் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லி குருபசப்பா அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டேன். படட்டும். பட்டால்தான் தெரியும்.

ஜூலை 16, புதன்

நயனா பெங்களூரில். பதினொரு மணிக்கு, மாடி அறைக்கு லேப்டாப்போடு போயிருந்த கிரிஜாக்கா போன் பண்ணினார். "ஏ சுமா, சீட்டு ஒண்ணும் நகர மாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?"

"துடைச்சுட்டுத் திறங்க அக்கா."

ஐந்து நிமிஷத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "ஒண்ணுமே இல்லையே சுமா. நாப்பத்தேழு வார்த்தை இருந்துச்சு."

பழக்கத்துல வாயில வந்துடுச்சு. சத்தியமா பழக்கம்தானா? சொல்லி முடிச்ச நொடியே எனக்குத் தெரிஞ்சுது. 'நில்லுங்க அக்கா, வேண்டாம்'னு சொல்ல நேரம் இருந்துச்சு. சொல்லலை. ஏன்டி சொல்லலை?

ஜூலை 18

நயனா திரும்பிவிட்டாள். எல்லோர் எதிரிலும் கிரிஜாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் தப்புதான் அக்கா. முன்னாடியே யோசிச்சிருக்கணும்." குருபசப்பா கன்னாபின்னாவென்று திட்டினார். அக்காதான் "விடு தங்கச்சி, அழாதே" என்றார்.

துடைக்கச் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதானே அது.

ஜூலை 28, திங்கள்

என் வெள்ளைப் பெட்டியைக் காட்டினேன். பதினாலு பேர் மாறிவிட்டார்கள். "சர்வர்ல வைக்கிறதுதாம்மா புத்தி" என்கிறார் குருபசப்பா. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

கிரிஜாக்கா நினைவிலிருந்து முப்பத்தொரு சொல் எழுதியிருப்பதாகச் சொன்னார். தேதி எதற்கும் இல்லை. தேதியில்லாமல் முன்னேற்றம் சொல்ல முடியாது, இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டாராம். மத்தியானம் அக்கா கொடுத்த ரொட்டியை வாங்கித் தின்றேன்.

ஆகஸ்ட் 4

நயனாவும் சேர்ந்துவிட்டாள். என் சர்வரில் எல்லோர் குறிப்பும் பூட்டில்லாமல்தான் கிடக்கிறது. நான் நினைத்தால் யாருடையதையும் படிக்கலாம். இதுவரை படித்ததில்லை. இன்று கை பொறுக்கவில்லை. என்னைத் திட்டி எழுதியிருப்பாள், பார்த்துவிடலாம் என்று திறந்தேன்.

ஒரே ஒரு வரி. 'சுமங்கலா அக்காவிடம் கேட்கணும்: இதில் எழுதுவதை அவங்க படிக்க முடியுமா?'

ஆகஸ்ட் 5

டீ நேரத்தில் மிளகாய் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். வந்ததும் அதையே கேட்டாள்.

"முடியும்" என்றேன். "உன்னோடதை நேத்து படிச்சேன்."

சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை. மீதியையும் சொன்னேன். அன்றைக்குத் துடைக்கச் சொன்னது நான்தான். துடைத்தால் போய்விடும் என்பது அதற்கு மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணியிருப்பேனே அக்கா." பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "கிரிஜாக்காவுக்குத் தெரியுமா? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

ஆறு மணிக்குச் சொன்னேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சர்வரில் சேமிக்கும் பகுதியை எழுதி நயனாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் அதற்கு மேல் பூட்டும் போட்டிருக்கிறாள். நானும் படிக்க முடியாது, அவளும் படிக்க முடியாது. எல்லோரும் மஞ்சள் சீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

இன்று சாப்பாட்டு மேஜையில் கிரிஜாக்கா நயனாவின் தோளைத் தட்டி, "காலைல அவர் 'போதும்'னார்டி. ரொட்டியை நகர்த்திவிட்டு, தெளிவா, 'போதும்'!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மேஜைக் கோடியிலிருந்து நானும் தட்டினேன். அக்கா இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒன்பது வருஷமா எதுன்னாலும் முதல்ல எங்கிட்டதான் சொல்வாங்க.