பீமிலி போகும் சாலை

அம்பகரத்தூர்,
தை 14, புதன்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

தாமரைச்செல்வி எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். உங்கள் நலத்தைக் கேட்டு வழக்கமாக எழுதும் வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதலில் வீட்டுச் சேதிகளை எழுதிவிடுகிறேன், அப்புறம் எழுத மனம் இருக்காது.

சம்பா முற்றிவிட்டது. மார்கழிக் கடைசியில் பெய்த மழையில் வாய்க்கால் ஓரத்தில் கொஞ்சம் சாய்ந்தது, மற்றபடி பழுதில்லை. அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்தாயிற்று. சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. சுகாதார நிலையத்தில் காய்ச்சல் கூட்டம் குறையவில்லை. மருந்து கொடுக்கிற ஜன்னலில் நின்று நின்று எனக்குக் கால் மரத்துப் போகிறது.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் அப்துல் லத்தீப் அண்ணன் வந்திருந்தார். வடக்கே நீங்கள் இருக்கும் துறைமுகத்தில் உங்களோடு கிரேன் ஓட்டுகிறவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை. விடுமுறையில் காரைக்காலுக்கு வந்தவர் லோடு ஆட்டோவில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். தீபாவளிக்கும் லீவு கிடைக்கவில்லை, பொங்கலுக்கும் கிடைக்கவில்லை என்றீர்களே, அதனால் ஏதோ வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அத்தை அரிவாள்மணையைக் கொண்டுவந்து கயிற்றை அறுத்தார்கள்.

உள்ளே உங்கள் சைக்கிள் இருந்தது. முன் சக்கரம் கோணிப்போய் இருந்தது. ஹேண்டிலில் சுற்றிய கறுப்புப் பட்டை ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருந்த இரும்பு தெரிந்தது. செயினில் துரு.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஒங்களுக்குத் தெரியாதாம்மா? வித்துடச் சொல்லித்தான் எங்கிட்ட கொடுத்தாரு. எனக்கு மனசு கேக்கல. வூட்டுல இருந்துட்டுப் போவட்டுமேன்னு ரயில்ல ஏத்திக் கொண்டாந்தேன்” என்றார். அத்தை நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்து ஓய்ந்த சாலை, தொட்லகொண்டா மலை தாண்டி இறக்கத்தில் மாடு குறுக்கே வந்தது, நீங்கள் ஒதுக்கப் பார்த்துப் பாறைப் பக்கம் போய் விழுந்தீர்கள். இடுப்பு எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரி. இப்போது கோல் ஊன்றி நடக்கிறீர்கள். கிரேனில் ஏற முடியாததால் கீழே சீட்டு எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். “நடக்குறானா தம்பி?” “நடக்குறாரும்மா. மெதுவா நடக்குறாரு.” “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்கள். வெகு நேரம் திரும்பி வரவில்லை.

அவர்கள் போனதும் நான் அண்ணனிடம் கேட்டேன். அப்படியானால் கார்த்திகையில் நீங்கள் சைக்கிளில் பீமிலி வரைக்கும் போய் வந்ததாக எனக்கு எழுதியது என்ன, மார்கழியில் எழுதியது என்ன என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ்ஸுல போவாரும்மா. ஜன்னல் ஓரமா எடம் கெடைக்கலன்னா அந்த பஸ்ஸ வுட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்கு நிப்பாரு. பீமிலியில எறங்கி, கடலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துட்டு வருவாரு. வந்து ஒங்களுக்குத்தான் எழுதுவாரு.”

அவர் போன பிறகு உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். போனில் பாதையைச் சொல்ல முடியாது, எழுதினால்தான் நீ என் பின்னாலேயே ஓட்டிவர முடியும் என்று சொல்லி நீங்கள் ஆரம்பித்த கடிதங்கள். சித்திரையில் எழுதியிருக்கிறீர்கள், ருஷிகொண்டா ஏற்றத்தில் மூச்சு முட்டிற்று, கடைசி கியரும் போதவில்லை, பாதியில் இறங்கித் தள்ளினேன், ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று. ஆனியில் வியர்வை கண்ணில் இறங்கிக் கடலே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவணிக்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. மலை எந்த இடத்தில் கடலைத் தொடுகிறது, காலை வெயில் முதலில் எந்தப் பாறையில் விழுகிறது, வளைவு திரும்பியதும் தோணிகள் எத்தனை தெரிகின்றன, எல்லாம் இருக்கிறது. முழங்கால் வலி மட்டும் இல்லை. இந்தக் கடிதங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன. வேலை செய்யும் இடத்தில் படித்துக்கூடக் காட்டினேன்.

நீங்கள் விழுந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று என் டைரியில் தேடிப் பார்த்தேன். சைக்கிளில் தரங்கம்பாடி வரைக்கும் போய் வந்திருக்கிறேன். எதிர்க்காற்றிலும் அரசலாற்றுப் பாலத்தில் இறங்காமல் ஏறிவிட்டேன், நம் ஊரில் ஏற்றம் என்றால் அது ஒன்றுதானே, உங்கள் மலையைக் கொண்டுவந்து காட்டுங்கள் பார்ப்போம் என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆனதற்குக் கோபித்துக்கொண்டு போனில் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்தப் பதிலில், ‘பாலம் ஏறிய வீராங்கனைக்கு என் வணக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். எழுத்து ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். ஓடுகிற பஸ்ஸில் எழுதினேன் என்றீர்கள். படுத்துக்கொண்டே எழுதியதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

ஊருக்கெல்லாம் வலி மாத்திரை கொடுக்கிறவள் நான். முகத்தைப் பார்த்தே யாருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவேன். ஐந்து மாதம் உங்களிடம் மட்டும் ஏமாந்திருக்கிறேன். கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய். வீடியோவில் பேசலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் அறையில் டவர் இல்லை என்றீர்கள். டவர் இல்லாமல் இல்லை. முகத்தைக் காட்ட உங்களுக்குத் தைரியம் இல்லை.

ஏன் மறைத்தீர்கள் என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்த வாரம் முழுக்க நான் சைக்கிளைத் தொடவில்லை. வேலைக்குப் போகத் திருநள்ளாறு வரைக்கும் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். அப்போதுதான் புரிந்தது. இதற்குத்தான் பயந்திருக்கிறீர்கள். நீங்கள் விழுந்தீர்கள் என்று தெரிந்தால் நான் ஓட்டுவதை விட்டுவிடுவேன் என்று. கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு பழைய ரேஸ் சைக்கிள் வாங்கி, ஊரே வேடிக்கை பார்க்க நாம் கோட்டுச்சேரி வரைக்கும் போனோமே, அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று சொன்னீர்கள். அதை என்னிடமிருந்து எடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சிரிப்பு சைக்கிளால் வந்தது என்று நினைத்தீர்களே, அதுதான் தப்பு. பக்கத்தில் இன்னொரு சக்கரம் ஓடிக்கொண்டிருந்ததே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே நீங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தேன். கிளிஞ்சல்மேடு வரைக்கும் போய்க் கரையில் நிறுத்தினேன். படகுகள் வந்துகொண்டிருந்தன. வடக்கே பார்த்து நின்றேன். கோடு கிழித்த மாதிரி தட்டையான கரை. இதே கரை போய்க்கொண்டே இருந்து எங்கேயோ ஓர் இடத்தில் மலையாகி, அந்த மலையடியில் நீங்கள் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். வடக்கே போனால் இங்கேயும் கடல் வலது கைப் பக்கம்தான், உங்கள் சாலையிலும் வலது கைப் பக்கம்தான். இவ்வளவு நாள் அதை நினைத்துக்கொண்டே ஓட்டினால் நீங்கள் முன்னால் போவது போல இருக்கும். அன்றைக்கு முன்னால் யாரும் இல்லை. அங்கேயே நின்று அழுதேன். மீன் எடுக்க வந்த ஒரு அம்மா என்னம்மா ஆச்சு என்று கேட்டார்கள். கண்ணில் மணல் என்றேன். நானும் மறைக்கிறேன் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன், நான் போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று. அத்தை முறத்தைக் கீழே வைக்காமலே, “இத கேக்கறதுக்கு ஒனக்கு ஒரு வாரமா? அறுப்ப நான் பாத்துக்குறேன். பசுவையும் பாத்துக்குறேன். நீ கெளம்பு. அவன திட்டாத. திட்டறத நான் வச்சிருக்கேன்” என்றார்கள். எள்ளுருண்டை செய்து தருகிறார்கள், உங்களுக்குப் பிடித்த பக்குவத்தில்.

ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளம்புகிறேன். ரயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே வந்து சேரும் என்று சொல்கிறார்கள். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ‘ஒண்ணுமில்ல, சும்மா ஒரு கீறல்’ என்பீர்கள், உங்கள் குரலைக் கேட்டு நானும் நம்பிவிடுவேன். ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்துவிடும். படித்துவிட்டுக் கூப்பிடவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ்ஸில் பீமிலிக்குப் போவோம். ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள். எந்த இடத்தில் விழுந்தீர்கள் என்று காட்டுங்கள். அங்கே மேட்டில் ஏறி நான் மட்டும் ஓட்டிப் பார்க்கவா என்று கேட்க மாட்டேன். மருத்துவர் என்ன சொல்கிறாரோ, எத்தனை மாதம் ஆகுமோ, ஆகாமலே போகுமோ, அதையெல்லாம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

அம்பகரத்தூர் காளியம்மன் உங்களை உயிரோடு வைத்திருக்கிறாள், அதற்குமேல் நான் எதையும் வேண்டவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் உங்களிடம் வேண்டிக் கேட்கிறேன். ரயிலடிக்கு வர முடியுமென்றால் வாருங்கள். முடியாதென்றால் சமாளித்துக்கொண்டு வந்து நிற்காதீர்கள். முடியவில்லை தாமரை, வலிக்கிறது என்று என்னிடம் சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்.

என்றும் உங்கள்,
தாமரைச்செல்வி