கன்னிச்சாமிக்கு ஊற்றிய நெய்

வீட்டில் இன்னும் நெய் வாசம் போகவில்லை, மாப்ளே. நேற்று காலை என் வீட்டுக்காரி ஒரு சட்டி நிறைய வெண்ணெய் உருக்கினாள். தெருவே மணத்தது. நான் பின்வாசலில் உட்கார்ந்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்ல?

என் மகன் இந்த வருடம் மாலை போட்டிருக்கிறான். முதல் தடவையாகச் சபரிமலைக்குப் போகிற கன்னிச்சாமி. "கன்னிச்சாமிக்குப் பெத்தவுக கையாலதான் தேங்காய்ல நெய் ஊத்தணும்னு குருசாமி சொல்லிட்டாக. சாயங்காலம் கோயிலுக்கு வந்துருங்க. டூட்டி கீட்டின்னு சொல்லித் தப்பிச்சிராதீக" என்றாள். தலையை ஆட்டினேன். 

அந்த விடியற்காலையை நீ மறந்திருக்க மாட்டாய். நான் ஆம்புலன்ஸ் ஓட்ட, நீ பின்னால் முதலுதவிக்கு இருந்தாய். குமுளி மலைப்பாதையில் ஐயப்பன்மார் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. உடைந்த தேங்காய்களின் நெய் சூடான இன்ஜின் மேல் கொட்டிப் புகைந்தது. ரத்தமும் நெய்யும் ஒரே வாசமாக இருந்தது. நாம் வண்டியில் ஏற்றிய பெரியவர், கால் நசுங்கிய நிலையிலும், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இருமுடிக் கட்டைத் தரையில வச்சிராதீக சாமி. தரையில படக் கூடாது" என்றுதான் கெஞ்சினார். அந்த இருமுடியை ஒரு கையால் உன் தலையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவருடைய ரத்தத்தை அடைத்துக்கொண்டே வந்தாய். கம்பம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். நீ கட்டை இறக்கவில்லை. கழுத்து வழியாக நெய் வழிய, சட்டை நனைந்து நின்றாய். "யார்ட்டடா இதக் குடுக்க?" என்று என்னைக் கேட்டாய். 

அதற்குப் பிறகு கார்த்திகை பிறந்தாலே நமக்கு நரகம்தான். சரண கோஷம் காதில் விழுந்தால் நான் அந்தப் பள்ளத்துக்கே போய்விடுவேன். வண்டியை ஓரங்கட்டிவிடுவேன். நீ முன்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். "ஏலே, இங்கன பாரு. இது கம்பம் ரோடு. அந்தா டீக்கடை. அந்தா வாழைத்தார் ஏத்துறாக. வண்டி நிக்கிது. நாம உசிரோட இருக்கோம்" என்பாய். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நான் திரும்பி வருவேன். எனக்கு இவ்வளவும் செய்தாயே, கடங்காரப் பயலே, உனக்கு வந்தபோது மட்டும் ஏன் பாட்டிலைத் தேடிப் போனாய்? "தூங்கணும்டா, வேற ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வாய். குடித்தே செத்தான் என்று ஊர் பேசுகிறது. அந்த வேன்தான் உன்னைக் கொன்றது.

நீ போன பிறகு தேனியில் ஒரு மனநல டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். "பைத்தியமெல்லாம் இல்லைங்க. அந்த நாள் இன்னும் முடியலன்னு உங்க உடம்பு நெனைக்குது. வாசம் வந்தா ஓடாதீங்க. காலைத் தரையில நல்லா ஊனுங்க. மூச்சை மெதுவா விடுங்க. நம்பிக்கையான ஒருத்தரைக் கூட வச்சுக்கிட்டு வாய்விட்டுச் சொல்லுங்க" என்றார். கூட ஒருத்தர் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதியில் எழுந்து வந்தவன் மறுபடி போகவில்லை. கோயில் பக்கமே நான் போகாததைப் பார்த்து, எனக்குச் சாமி நம்பிக்கை விட்டுப்போச்சு என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கோயிலில், கண் துளைத்துத் தண்ணீர் வடித்த தேங்காயை மகன் நீட்டினான். நெய்க்கிண்ணம் என் கையில். சுற்றி நின்றவர்கள் சரணம் சொன்னார்கள். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினேன். செருப்பு விடுகிற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தேன் என்றே நினைத்தேன். மகன் தேங்காயும் கையுமாகப் பின்னால் வந்தான்.

"ஏம்ப்பா, நான் மாலை போட்டது பிடிக்கலையா?"

அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன், மாப்ளே. வேன், பெரியவர், நீ, தேனி டாக்டரம்மா, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இந்த வாசம் வந்தா நான் அங்கனயே போயிருறேன் சாமி. இப்ப நீயும் அதே ரோட்டுல போற. எனக்கு உசிரே நிக்கல" என்றேன்.

அவன் போய்க் கிண்ணத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "இங்கன காத்து வருதுப்பா. இங்கன வச்சே ஊத்துங்க. முடியலன்னா வேணாம்."

காலை ஊன்றினேன். மூச்சை மெல்ல விட்டேன். ஊற்றினேன். பாதி தரையில் போனது. பள்ளம் வந்தது, புகை வந்தது, எல்லாமே வந்தது. அவன் விரல்கள் தேங்காயைச் சுற்றி இருந்ததும் தெரிந்தது. ஓடவில்லை. அதற்காகக் குணமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்று காலை அவன் வேன் கிளம்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவே பயம்.

சற்று முன் அவனே பேசினான். "மலைப்பாதை ஏறிட்டோம்ப்பா, குமுளியில நிக்கிறோம். நான் திரும்பி வந்ததும் தேனிக்குப் போவோம். அந்த டாக்டரம்மா ரூமுக்குள்ள நானும் வாரேன்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் உன் நினைப்புத்தான் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அந்த டாக்டரம்மாகிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போயிருக்கலாமேடா.