நான்காவது கொக்கி

மச்சானுக்கு,

அக்கா நலமா? திங்கட்கிழமை ஆறு கடக்கும் பயிற்சியில் நீங்களும் இறங்குகிறீர்களாம். "எனக்கு மட்டும் அந்தப் பழைய பெல்ட்டையே அனுப்புடா" என்று கிடங்குக்குச் சொல்லியனுப்பியிருந்தீர்கள்.

தோட்டாப் பைகள் தொங்கும் அந்தப் பெல்ட்டுக்கு ஒரே கொக்கி. தண்ணீரில் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். அதற்குப் பதிலாக நீங்கள் அடம்பிடித்து வாங்க வைத்த, தோட்டாப் பைகள் தைத்த புது அங்கிக்கு நான்கு. போன பயிற்சியில் மூழ்கிய என் தம்பியை, மூன்றைக் கழற்றி நான்காவது சிக்கிக்கொண்ட நிலையில்தான் கரையேற்றினோம்.

"புதுசுன்னா அப்படித்தான், பழகிக்கணும்" என்றீர்கள், அவன் உடலருகே நின்று.

பழைய பெல்ட்டுகளை உங்கள் உத்தரவுப்படியே எரித்துவிட்டேன், மச்சான். ஒன்றுகூட மிச்சமில்லை.

இத்துடன் புது அங்கி வருகிறது. தம்பியுடையதுதான். துவைத்திருக்கிறேன். நான்காவது கொக்கியை மட்டும் சரிசெய்யவில்லை.

இப்படிக்கு,
கிடங்கில் இருக்கும் உங்கள் மைத்துனன்