கழுவக் கழுவ

நாள் 211, காலை 05:10
நிலவுச் சுரங்க முகாமின் சமையலறைக் கதவு எழுதுகிறேன். படிப்பவர் யாராயினும் வணக்கம். உள்ளே வருபவரை எனக்கு முன்னாலுள்ள கழுவறையில் கை கழுவவைத்து, கிருமி பார்த்து, சுத்தமானால் திறப்பேன். வேறு வேலை இல்லை. சமையல்கார அக்கா பேச்சித்தாய் இன்று சோதனையில் தேறினார். கையுறை தீர்ந்து மாதமாகிறது. சரக்குக் கப்பல் வருகிறது, வருகிறது என்கிறார்கள். டாக்டர் உட்பட ஆறு பேருக்கும் தயிர்சாதம் கையால் பிசைந்தால்தான் தொண்டைக்குள் இறங்கும்.

நாள் 219, காலை 05:25
அக்கா கையில் கிருமி ஏறியிருக்கிறது. விதிப்படி கழுவும் நேரத்தை இரட்டிப்பாக்கினேன். ஒலிவாங்கியில் அவர்: "ஏ மிசினு, கை எரியுதுல்லா! எத்தன மட்டந்தான் கழுவ?" நான் என்ன செய்ய? சொன்னதைச் செய்கிற சென்மம்.

நாள் 226, பகல் 11:40
மறுபடி ஏற்றம், மறுபடி கூட்டினேன். டாக்டர் ஜெசிந்தா பூமிக்குப் பேசினார்: "சோப்புல தோல் வெடிச்சிருக்கு. வெடிப்புக்குள்ளதான் கிருமி குடியிருக்கு. கழுவக் கழுவப் பெருகும். கை ஆறட்டும், விதிய மாத்துங்க." பூமி: "பரிசீலிக்கிறோம். அதுவரை விதிப்படி நடக்கவும்." வேறு யாருக்கும் உலை வைக்கத் தெரியாது. மேல்தோலைத்தான் சோதிப்பேன். அது தேறியது, திறந்துவிட்டேன்.

நாள் 227, மாலை 16:05
மதியம் தயிர்சாதம். ஆறு பேருக்கும் வாந்தி, டாக்டரும் படுத்துவிட்டார். அக்கா மட்டும் தப்பினார். கடைசியில் சாப்பிடுகிறவர், சட்டியில் மிச்சமில்லை. தெரிந்தே திறந்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.
பூமியின் புது உத்தரவு: "வெடிப்புக்குள்ளும் சோதிக்கவும். கை சுத்தமாகும்வரை கழுவறையின் இரு பக்கக் கதவுகளும் திறக்கக் கூடாது."

மாலை 16:40
நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் சமையலறைக்குள் இருக்கிறது. எடுக்க அக்கா ஓடி வந்தார். கழுவறைக்குள் நுழைந்ததும் பின்கதவு பூட்டிக்கொண்டது. முன்னால் நான் திறக்கவில்லை.

மாலை 18:15
கழுவுகிறார். தண்ணீர் சிவப்பாகப் போகிறது. பூமியைக் கூப்பிட்டேன். "அனுமதி தரும் அதிகாரி நாளைதான் வருவார்." அலுத்துவிட்டது எனக்கு.

மாலை 18:50
படுக்கையறையில் முனகல் குறைகிறது. அக்கா இப்போது திட்டுவதில்லை, கெஞ்சுகிறார்: "என்னய விட வேண்டாம்யா. அந்தத் தண்ணிய நீயாவது கொண்டுபோய் அவுக வாயில ஊத்தேன்."
எனக்குக் கை இல்லை.